எம்பிஏ சேர்க்கையில் இன்னும் மனசை உறுத்துகிற ஒன்று: நம்ம கடற்கரைக்காரங்க சொல்லுங்க

பாம்பன்:
எம்பிஏவுக்கான கேட் நுழைவுத் தேர்வு, பர்சன்டைல் (நமக்குக் கீழே எத்தனை சதவீதம் பேர் என்கிற கணக்கு) கதையெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். விண்ணப்பத்தில் அப்பாவின் விசைப்படகைப் பற்றி எழுதியிருந்தேன். நேர்காணலில் நடுவில் இருந்த பேராசிரியர் ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளி, "ஒரு தடவை கடலுக்குப் போய்வந்தால் வரவு செலவு என்ன, எழுதுங்க" என்றார். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான், ஆட்களுக்குப் பங்கு என்று எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில் வியாபாரியிடம் வாங்கிய அட்வான்ஸ். பேனாவை வாங்கி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.
"இதுக்கு வட்டி எவ்வளவு?"
"வட்டி கிடையாது சார். பிடிக்கிற மீனை அவருக்கே போடணும். கிலோவுக்குக் கொஞ்சம் குறைத்து எடுப்பார்."
"எத்தனை வருஷமாக?"
நான் பிறப்பதற்கு முன்பிருந்தே. அவர் ஒன்றும் சொல்லாமல் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். இடம் கிடைத்தது. அந்த வட்டத்தைப் பற்றி அப்பாவிடம் இன்னும் பேச முடியவில்லை.

கீழக்கரை:
ஐஎஸ்பி மாதிரி மேலாண்மைக் கல்லூரிகளுக்கு ஜிமேட் என்கிற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணோடு கட்டுரை, பரிந்துரை எல்லாம் கேட்பார்கள். துபாயில் என் மேலாளரிடம் போனேன். "நீயே எழுதிக் கொடு, என் பேரில் அனுப்பிவிடுகிறேன்" என்றார். மனசு ஒப்பவில்லை. நீங்க பார்த்ததை நாலு வரி எழுதினால் போதும் என்றேன். அப்புறம் ஒரு நாள் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். சரக்கு துறைமுகத்தில் மாட்டிக்கொண்ட ஒரு ராத்திரி, வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே நான் போன் போட்டுத் தாமதத்தைச் சொன்னதை எழுதியிருந்தார். நான் மறந்தே போயிருந்த விஷயம். என் கட்டுரையில் இருந்த சாதனை ஒன்றுகூட அவர் நினைவில் இல்லை.

மண்டபம்:
பாம்பன் தம்பி "எல்லாருக்கும் தெரிந்ததுதான்" என்று தாண்டிப்போனதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெரியாமல்தான் நம்ம பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். என் கதை சின்னது. சான்றிதழ் சரிபார்க்கிற மேஜையில், "இது மாநிலப் படிவம், ஓரமா நில்லுங்க" என்றார்கள். அந்த "ஓரமா" இன்னும் காதில் இருக்கிறது. அதனால் சொல்கிறேன். ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) இடஒதுக்கீட்டில் போடுவதென்றால் மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயரில் (வசதி படைத்த பிரிவில்) வரவில்லை என்று தாசில்தார் கொடுக்கிற சான்றிதழ் வேண்டும். நம்ம ஊர் பிசி, எம்பிசி சான்றிதழ் செல்லாது. விண்ணப்பம் போடும்போதே வாங்கி வையுங்க. கேட் தேர்வில் மொத்த பர்சன்டைல் மட்டும் பார்த்தால் போதாது. மூன்று பிரிவுக்கும் தலா 40 நிமிடம், ஒவ்வொன்றுக்கும் தனி கட்ஆஃப் (குறைந்தபட்சம் எடுக்க வேண்டிய அளவு) உண்டு. ஆங்கிலப் பிரிவில்தான் நம்மவர்கள் வழுக்குகிறார்கள். தினம் ஒரு தலையங்கமாவது படியுங்க. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் பல ஐஐஎம்கள் (மத்திய அரசின் மேலாண்மைக் கல்லூரிகள்) கணக்கில் எடுக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு, அவரவர் இணையதளத்திலேயே போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கே போடுவது என்று முடிவு பண்ணுங்க.

தங்கச்சிமடம்:
அக்கா, நீங்க சொல்வது சரி. ஆனால் இதையெல்லாம் தாண்டி உள்ளே போனபிறகுதான் தம்பி சொல்கிற இடம் வரும். "டிகிரி முடித்து ஒரு வருஷம் என்ன செய்தீர்கள்?" என்று என்னைக் கேட்டார்கள். எங்க படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன வருஷம் அது. மாமா அங்கே சிறையில். நான்தான் கலெக்டர் ஆபீசுக்கும் மீன்துறை ஆபீசுக்கும் அலைந்தேன். அதைச் சொன்னதும் ஒருவர், "இது ஏன் விண்ணப்பத்தில் இல்லை?" என்று கேட்டார். பயிற்சி மையத்தில் எழுதாதே, பரிதாபம் தேடுவது மாதிரி இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஆலோசனை மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

மண்டபம்:
அதை எழுதத்தான் வேண்டும் தம்பி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. யாரைப் பார்த்தீங்க, என்ன மனு கொடுத்தீங்க, என்ன நடந்தது என்று எழுதினால் அது பரிதாபம் ஆகாது. அடுத்த தடவை போடுவதாக இருந்தால் கட்டுரையை எனக்கு அனுப்புங்க, படித்துச் சொல்கிறேன்.