ஹெர்செத் ஊதிய முதல் 11 தாளத் தட்டு: எந்தப் பதிவில் எதைக் கேட்பது?

குழல்தேடி (கேள்வி)

சிகாகோ சிம்பொனியில் 1948 முதல் 2001 வரை பிரின்சிபல் (முதல் நாற்காலி) டிரம்பெட்டாக இருந்த அடால்ஃப் ஹெர்செத்தைப் பற்றி டிரம்பெட் ஊதுகிறவர்கள் பேசும்போது தனி மரியாதை தெரிகிறது. முசோர்க்ஸ்கி எழுதி ராவெல் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றிய ‘பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்’ (கண்டக்டர் ரைனர், 1957), மாலரின் 5வது சிம்பொனி (கண்டக்டர் சோல்ட்டி, 1970) இரண்டும் கேட்டாயிற்று. பிரமாதமாக இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் மற்ற நல்ல வாசிப்பாளர்களிடம் இல்லாத எது இவரிடம் இருக்கிறது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மூன்று கேள்விகள்:

1. எந்தப் பதிவில், எந்த இடத்தில், எதைக் கவனிக்க வேண்டும்?
2. அந்த ஓசைக்குக் காரணம் பெரிய போர் (குழாயின் உள்விட்டம்) கொண்ட சி டிரம்பெட்டும் பெரிய மவுத்பீஸுமா? என்னிடம் இருப்பது சாதாரண பி ஃபிளாட், 7சி மவுத்பீஸ்.
3. மாலர் 5 தொடக்கத்தின் முதல் ஸ்வரமே எனக்குப் பேச மாட்டேன் என்கிறது. காற்று மட்டும் வருகிறது, ஓசை ஒரு கணம் தாமதித்து வருகிறது. ஏன்?

---

மூன்றாம்வால்வ்

முதல் கேள்விக்கு மட்டும் நான். வேறு வேறு படைப்புகளைத் தேடி அலைய வேண்டாம். ‘பிக்சர்ஸ்’ தொடக்கத்தில் வரும் ப்ரோமனாட் என்ற மெட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஆள், அதே நாற்காலி, அதே இரண்டு பார் (தாள ஆவர்த்தம்). கூபெலிக் 1951, ரைனர் 1957, ஒசாவா 1967, ஜூலினி 1976, சோல்ட்டி 1980 என்று முப்பது ஆண்டுக்குள் ஐந்து கண்டக்டர்களுடன் பதிவாகியிருக்கிறது. எந்தக் கலைஞரையும் இவ்வளவு சுத்தமாக ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைப்பது அபூர்வம்.

1951க்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. 1952இல் ஒரு கார் விபத்தில் ஹெர்செத்துக்குப் பற்களும் உதடும் அடிபட்டன. டிரம்பெட்காரருக்கு அதோடு தொழில் முடிந்திருக்கலாம். கூபெலிக் பதிவு விபத்துக்கு முன்பு, மற்ற நான்கும் பின்பு. இதை வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேட்கும் முறை முக்கியம். ஒவ்வொரு பதிவிலிருந்தும் முதல் 10 நொடியை மட்டும் வெட்டி எடுங்கள். ஐந்தையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவாருங்கள். இதைச் செய்யாவிட்டால் எது கொஞ்சம் உரக்க இருக்கிறதோ அதுதான் நன்றாக இருப்பதாகக் காது ஏமாற்றும். பிறகு வரிசையைக் கலைத்து, எது எது என்று பார்க்காமல் கேளுங்கள். கூபெலிக் பதிவு ஒற்றை மைக்கில் எடுத்த மோனோ, அதனால் அதைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். பரவாயில்லை. ஓசையின் நிறத்தை ஒப்பிடுவதிலும் ஜாக்கிரதை தேவை: 1966இல் சிகாகோ சிம்பொனியின் சொந்தக் கூடமான ஆர்க்கெஸ்ட்ரா ஹாலைப் புதுப்பித்தபோது அதன் ஒலியமைப்பு வறண்டுபோனது, அதன்பின் பதிவுகள் பலவும் மெடினா டெம்பிள் என்ற வேறு கூடத்துக்குப் போயின. ஆக, 1957க்கும் 1967க்கும் இடையே கேட்கும் வித்தியாசத்தில் பாதி கூடத்துடையது, ஆளுடையது அல்ல.

கவனிக்க வேண்டியவை:

எடுப்பு. கூடம் நிசப்தமாக இருக்கும்போது, வேறு எந்த வாத்தியத்தின் துணையும் இல்லாமல், ஃபோர்ட்டேயில், அதாவது உரக்க, தனி டிரம்பெட். முதல் ஸ்வரம் ஜி. பல நல்ல பதிவுகளில் அது தொடங்கிய பிறகுதான் நிலைகொள்ளும். முதல் சிறு துளியில் சுருதியோ ஓசையோ தேடிக்கொண்டிருக்கும். இவரிடம் அந்தத் தேடல் இல்லை. ஓசை பிறக்கும்போதே முழுசாகப் பிறக்கிறது.

தாவலில் எடை குறையாமை. இரண்டு பாரின் ஸ்வரங்கள், அப்படியே ஒலிக்கும் சுருதியில்: ஜி, எஃப், பி ஃபிளாட், சி-எஃப், டி; பிறகு சி-எஃப், டி, பி ஃபிளாட், சி, ஜி, எஃப். கோடு போட்ட ஜோடிகள் அரைத் தட்டு, மற்றவை ஒரு தட்டு. முதல் பார் 5, இரண்டாவது 6, மொத்தம் 11. அந்த ‘சி-எஃப்’ ஜோடியில்தான் எல்லாரும் மாட்டுவார்கள். மேலே போகும் எஃப் குத்தலாக வெளியே நிற்கும், அல்லது அடுத்த டி மெலிந்துபோகும். ஹெர்செத்திடம் மேல் எஃப், கீழ் எஃப் இரண்டும் ஒரே தடிமன்.

முடிவு. கடைசி எஃப் தன் தட்டு முழுக்க நிற்கிறது. மூச்சுத் தீர்ந்து சுருங்குவதில்லை. தட்டு வேகம் நிமிடத்துக்கு 100 என்றால் இந்த 11 தட்டுக்கு 6.6 நொடி ஆகும். ஒரே மூச்சில் அடங்கும் நேரம்தான். அடங்காவிட்டால் முதல் நான்கு ஸ்வரத்திலேயே காற்றைச் செலவழித்துவிட்டீர்கள் என்று பொருள்.

---

கீழ்ஸ்தாயி

கருவிக் கேள்விக்கு வருகிறேன். ஹெர்செத் பெரும்பாலும் ஊதியது பாக் சி டிரம்பெட், லார்ஜ் போர், அதாவது 0.462 அங்குலம், 11.73 மி.மீ. வழக்கமான மீடியம்-லார்ஜ் 0.459 அங்குலம், 11.66 மி.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதுதான் அந்த ஓசையைத் தந்தது என்று நம்புகிறவர்களை எனக்குப் புரிந்ததே இல்லை. போரைவிட லீட்பைப்பின் (மவுத்பீஸை அடுத்த முதல் குழாய்) கூம்பும் பெல்லின் (விரிந்த வாய்) வடிவும் அதிகம் தீர்மானிக்கின்றன. அவற்றைவிட ஊதுகிறவர் அதிகம்.

மவுத்பீஸ்: விபத்துக்குப் பிறகு அவர் பெரிய விட்டத்துக்கு மாறினார், பாக் வரிசையில் 1 என்ற எண். பாக் எண்களில் எண் குறையக் குறைய விட்டம் பெரிது, எழுத்து ஏ பக்கம் போகப் போக கிண்ணம் ஆழம். 7சி உள்விட்டம் ஏறத்தாழ 16.2 மி.மீ., 1சி ஏறத்தாழ 17 மி.மீ. அடிபட்ட உதட்டுக்கு இடம் கொடுக்க ஒருவர் செய்த மாற்றத்தை, அடிபடாத உதட்டுக்காரர்கள் அவரைப் பார்த்துக் காப்பியடிப்பது வேடிக்கை. பெரிய விட்டத்தில் அதிக உதடு அதிர வேண்டும். அதைத் தாங்கும் மூச்சும் தசையும் இல்லாதவருக்கு 20 நிமிடத்தில் மேல் ஸ்தாயி போய்விடும். உடனே மவுத்பீஸை உதட்டில் அழுத்தத் தொடங்குவார். ரத்த ஓட்டம் தடைபட்டு உதடு மரத்துப்போகும். 7சியில் ஓசை மெலிந்து கேட்டால் முதலில் 5சி அல்லது 3சி பார்க்கலாம். ஒரே தாவலாக 1க்குப் போக வேண்டாம்.

மேலே மூன்றாம்வால்வ் எழுதிய ஸ்வரங்களைச் சி டிரம்பெட்டில் விரல் போட்டுப் பாருங்கள். ஜி, சி இரண்டும் வால்வ் இல்லாமல். எஃப், பி ஃபிளாட், டி, மேல் எஃப் எல்லாம் முதல் வால்வ். அவ்வளவுதான். முதல் வால்வை அழுத்திய சி டிரம்பெட்டின் ஹார்மோனிக் வரிசையே (விரல் மாறாமல் உதட்டாலும் காற்றாலும் மட்டும் கிடைக்கும் ஸ்வரங்கள்) பி ஃபிளாட் மேஜர் கார்டு: 3வது ஹார்மோனிக் எஃப், 4வது பி ஃபிளாட், 5வது டி, 6வது மேல் எஃப். விரல்கள் உதவிக்கு வராத மெட்டு இது. ‘எஃப்-டி’ இறக்கம் வால்வ் அசையாமல் காற்றாலும் காதாலும் மட்டுமே நடக்கிறது. அதனால்தான் இந்த 11 தட்டு ஒருவரை முழுசாகக் காட்டிக்கொடுக்கிறது.

பி ஃபிளாட் கருவியிலும் தாராளமாகப் பழகலாம். ஒரு முழுப்படி ஏற்றி எழுதிக்கொள்ளுங்கள்: ஏ (1-2), ஜி, சி, டி (1)-ஜி, இ, டி-ஜி, இ, சி, டி, ஏ, ஜி. அடைப்பில் ஒரு முறைகூட எண் வராத ஜி, சி, இ மூன்றும் வால்வ் இல்லாமல்.

சுருதியில் ஒரு பொறி உண்டு. 5வது ஹார்மோனிக் இயல்பாகவே சுமார் 14 சென்ட் (அரைப்படியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கியிருக்கும். சி கருவியில் அந்த டி, உங்கள் கருவியில் அந்த இ. தனியாக ஊதும்போது பியானோவுக்குப் பழகிய காதுக்கு அது தொய்வாகப் படும், எனவே காதால் கொஞ்சம் தூக்க வேண்டும். அதே ஸ்வரம் மற்றப் பித்தளைகளோடு பி ஃபிளாட் மேஜர் கார்டின் மூன்றாம் ஸ்வரமாக அமையும் இடத்தில் அந்தத் தாழ்வே கார்டைச் சுத்தமாக்கும். அங்கே தூக்கினால் கெடும். ட்யூனரைப் பார்த்து ஊதிப் பழகியவர்கள் இந்த இரண்டாவது இடத்தில்தான் தவறுவார்கள்.

---

குழல்தேடி

இரண்டு பேருக்கும் நன்றி. 1-2 விரலில் அந்த ஏ எனக்கு எப்போதும் கொஞ்சம் ஏறியே வருகிறது. அது கருவிக் கோளாறா?

---

கீழ்ஸ்தாயி

இல்லை. வால்வ்கள் சேரும்போது குழாய் நீளம் போதாமல் போகும், எல்லா டிரம்பெட்டுக்கும் பொது. முதல் வால்வ் ஸ்லைடைக் கட்டை விரலால் அரை செ.மீ. போலத் தள்ளுங்கள். 1-3, 1-2-3க்கு மூன்றாவது ஸ்லைடு.

---

நடைமெட்டு

மாலர் 5 தொடக்கத்துக்கு அதே 1-2-3 சமாச்சாரம்தான் வாசல். சிம்பொனி சி ஷார்ப் மைனர். டிரம்பெட் முதலில் ஊதுவது கீழ் சி ஷார்ப். மாலர் எழுதியது பி ஃபிளாட் டிரம்பெட்டுக்கு. அதில் அது எழுதப்பட்ட டி ஷார்ப், விரல் 2-3, சுருதி கிட்டத்தட்டச் சரி. சி டிரம்பெட்டில் அதே ஒலிக்கு 1-2-3: குழாய் மிக நீளம், எதிர்ப்பு அதிகம், சுருதி நன்றாக ஏறியிருக்கும், மூன்றாவது ஸ்லைடு ஏறத்தாழ 2 செ.மீ. முன்கூட்டியே வெளியே இருக்க வேண்டும். உங்கள் பி ஃபிளாட் இந்த இடத்தில் வசதியான கருவி.

அப்படியிருந்தும் ஏன் பேசவில்லை? மேல் ஸ்தாயியில் பிசிறு தட்டுவது ஹார்மோனிக்குகள் நெருங்கி நிற்பதால், பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவோம். இங்கே அப்படியில்லை. இது 3வது ஹார்மோனிக், நெருக்கத்தில் ஆளே கிடையாது. காற்று மட்டும் வந்து ஓசை தாமதிப்பதற்குக் காரணம் மூச்சை இழுத்து முடித்த உச்சியில் ஒரு கணம் பூட்டிவிடுவது. நாக்கு, தொண்டை, வயிறு மூன்றும் இறுகி நிற்கும். பிறகு திறக்கும்போது காற்று சன்னமாகத்தான் புறப்படும். தளர்வான கீழ் ஸ்தாயி உதடு அதற்கு அதிராது. தனியாகத் தொடங்க வேண்டும் என்ற பயம் இந்தப் பூட்டைக் கூட்டும்.

சரிசெய்யும் வரிசை:

மெட்ரோநோமை 60இல் வையுங்கள். மனசுக்குள் முழு ஃபேன்ஃபேரையும் (தொடக்கத்தின் முழக்க மெட்டு) ஒரு முறை பாடுங்கள், சத்தமில்லாமல். மூன்றாவது தட்டில் மூச்சு உள்ளே; நான்காவது தட்டில் வெளியே. நடுவில் நிற்கவே கூடாது, ஊஞ்சல் திரும்புவது போலத் திரும்ப வேண்டும். முதலில் நாக்கே இல்லாமல், காற்றால் மட்டும் டி ஷார்ப்பை எடுங்கள். பத்துக்கு எட்டு உடனே பேசினால் நாக்கைச் சேருங்கள். சிகாகோ டியூபா வாசிப்பாளர் ஆர்னால்ட் ஜேகப்ஸ் காலமெல்லாம் சொல்லிக்கொடுத்தது இதுதான்: தசையைப் பற்றி யோசிக்காதே, தலைக்குள் பாட்டு ஓடட்டும், காற்று அதைச் சுமக்கட்டும். அவரும் ஹெர்செத்தும் நாற்பது ஆண்டு ஒரே மேடையில் இருந்தவர்கள்.

அடுத்தது திஸ்ரம். நான்காவது தட்டுக்குள் மூன்று ஸ்வரம், பிறகு நீண்ட கார்வை. மூன்றையும் சம இடைவெளியில் கணக்காக ஊதினால் வகுப்பறைப் பாடம் போல இருக்கும். இந்த எடுப்புத் திஸ்ரங்கள் ராணுவ ஃபேன்ஃபேர் பாணியில் சற்று விரைந்து போக வேண்டும் என்று மாலரே ஸ்கோரில் குறிப்பு எழுதியிருக்கிறார். விரைவு என்றால் முதல் ஸ்வரத்தை முன்னால் இழுப்பதில்லை. மூன்றும் கார்வையை நோக்கிச் சாய வேண்டும். சிங்கிள் டங்கிங் போதும், ‘த-த-த-தாஆ’. டிரிப்பிள் டங்கிங்கில் நடு ஸ்வரம் மெலிந்துவிடும்.

அளவு பற்றிக் கடைசியாக: சன்னமாகத் தொடங்கி ஆர்க்கெஸ்ட்ரா முழுதும் ஏ மேஜரில் வெடிக்கும் வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். முதல் கார்வையிலேயே முழுசாகத் திறந்துவிட்டால் மேலே போக இடமிருக்காது. 1970 பதிவில் கேட்க வேண்டியது அந்த உச்சியை அல்ல, அதற்கு முன்புள்ள படிக்கட்டை. எந்தப் படியிலும் ஓசை உடைவதில்லை, நிறமும் மாறுவதில்லை.

---

பின்வரிசை

எல்லாரும் பாராட்டிவிட்டதால் மறுபக்கத்தையும் சொல்லி வைக்கிறேன். சோல்ட்டி காலத்துச் சிகாகோ பித்தளை கம்பி வாத்தியங்களை அமுக்குகிறது என்ற குறை பழையது, முழுக்கப் பொய்யும் அல்ல. ஹெர்செத்தை வெறும் மாலர், ஸ்ட்ராஸ் வழியாகவே அறிந்தவர்களுக்கு அவர் சத்தத்தின் அடையாளமாகிவிட்டார். அதைப் பார்த்து உரக்க ஊதுவதையே கலையாக நினைத்த ஒரு தலைமுறையும் உண்டு.

மாற்று மருந்து பார்ட்டோக்கின் ‘கான்செர்ட்டோ ஃபார் ஆர்க்கெஸ்ட்ரா’, ரைனர், 1955. முதல் பகுதியின் அறிமுகத்தில் டிரம்பெட்கள் மிகச் சன்னமாக ஊதும் இடம் வருகிறது. இரண்டாம் பகுதியில் வாத்தியங்கள் ஜோடி ஜோடியாக வரும்: பசூன் ஆறாம் இடைவெளியில், ஓபோ மூன்றாம், கிளாரினெட் ஏழாம், ஃபுளூட் ஐந்தாம், கடைசியில் மியூட் (பெல்லில் செருகும் ஓசை அடக்கி) போட்ட இரண்டு டிரம்பெட் இரண்டாம் இடைவெளியில். பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களில் இரண்டு பேர் இணையாகப் போகும்போது ஒருவர் ஒரு இழை உரத்தாலும் அடுத்தவர் தப்பாக ஊதுவது போலக் கேட்கும். ஸ்ட்ரெயிட் மியூட் சுருதியைச் சற்று ஏற்றும் என்பதால் ட்யூனிங் ஸ்லைடைச் சில மில்லிமீட்டர் இழுத்துத் தொடங்கி, மியூட் எடுத்ததும் மறக்காமல் திருப்ப வேண்டும். அந்த இடம் இந்தப் பதிவில் ஒரே ஆள் ஊதுவது போல ஒட்டியிருக்கிறது.

கண்டக்டர் அபாடோவுடன் ஹெர்செத் வாசித்த ஹைடன் கான்செர்ட்டோவும் உண்டு, அறுபது வயதைத் தாண்டிய பின் வந்த பதிவு. தனிக் கலைஞர்களின் மினுமினுப்பு அதில் இருக்காது. மெதுவான பகுதியில் வரி எங்கும் அறுபடாது. எனக்கு மாலரைவிட அதுதான் பிடிக்கும்.

---

மூன்றாம்வால்வ்

பின்வரிசை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: 1968இல் ஃபிலடெல்ஃபியா, கிளீவ்லாந்து, சிகாகோ மூன்று ஆர்க்கெஸ்ட்ராக்களின் பித்தளைக் கலைஞர்கள் சேர்ந்து பதிவுசெய்த கப்ரியேலியின் இசை. அங்கே யாரும் யாரையும் அமுக்க முடியாது, ஒரு குழு கேட்க, மறுகுழு பதில் சொல்லும். ஹெட்ஃபோனில் கேளுங்கள், குழுக்கள் எந்தெந்தப் பக்கம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே சொற்றொடரை மூன்று ஊர்க்காரர்கள் எங்கே வெட்டி முடிக்கிறார்கள் என்று ஒப்பிடலாம்.

சிகாகோவில் முதல் டிரம்பெட் நாற்காலிக்கே இப்போது ஹெர்செத்தின் பெயர்தான். ஹெர்செத்தை 1948இல் தேர்ந்தெடுத்த கண்டக்டர் ராட்ஜின்ஸ்கி, அந்தப் பருவம் தொடங்கும் முன்பே அங்கிருந்து போய்விட்டார்.