ரோட்கிங் சைலன்சர் நட் கழன்றுகொண்டே இருக்கிறது, வெல்டு வைக்கலாமா?

செங்கோட்டை ரோட்கிங்:
வணக்கம். அப்பா ஓட்டிய யெஸ்டி ரோட்கிங் பைக், 1984 மாடல். அவர் போன பிறகு 6 வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததைப் போன மாசிக்கு வெளியே எடுத்து, சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, பிஸ்டன் மாற்றி ஓட்ட ஆரம்பித்தேன். இன்ஜின் அருமையாக இருக்கிறது. தொல்லை எல்லாம் வலது பக்க சைலன்சர் நட்டில்தான். சிலிண்டர் வாயில் பெண்ட் பைப்பை, அதாவது புகை வெளியேறும் வளைந்த குழாயை, பிடிக்கிற ரிங் நட்டைச் சொல்கிறேன். செங்கோட்டையில் நன்றாக இறுக்கிவிட்டுக் கிளம்பினால் புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறி கோட்டைவாசல் போவதற்குள் சத்தம் மாறிவிடுகிறது. ஆரியங்காவில் நிறுத்திப் பார்த்தால் நட் கையாலேயே சுற்றுகிறது, சிலிண்டரெல்லாம் கருப்பு எண்ணெய். கசிவை அடைக்கிற வளையமான பேக்கிங்கை மூன்று முறை மாற்றியாகிவிட்டது. மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டித்தான் இறுக்குகிறார், நட்டின் இறக்கை ஒன்று உடைந்தும் போயிற்று. இப்போது இரண்டு இடத்தில் வெல்டு பொட்டு வைத்துவிட்டால் ஆயுசுக்கும் கழலாது என்கிறார். வைக்கலாமா? இடது பக்க நட் ஒருமுறைகூடக் கழன்றதில்லை, அதுதான் எனக்குப் புரியவில்லை.

தென்காசி பழைய பட்டறை:
தம்பி, வெல்டு மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். டூ ஸ்ட்ரோக் வண்டி, என்றைக்காவது பைப்பைக் கழற்றி எக்ஸாஸ்ட் வாயில் படிந்த கரியைச் சுரண்டித்தான் ஆகவேண்டும், அன்றைக்கு அந்தப் பொட்டைக் கிரைண்டரால் அறுத்தால் சிலிண்டர் மரையும் சேர்ந்து போகும். நட் ஒரு 100 ரூபாய் சாமானாக இருக்கலாம், சிலிண்டர் அப்படி இல்லை. உளியையும் தூக்கிப் போடச் சொல்லுங்கள், அதற்கென்று கொக்கி ஸ்பேனர் இருக்கிறது, இல்லையென்றால் லேத்துப் பட்டறையில் தகடு வெட்டிச் செய்து தருவார்கள்.

நீங்கள் நட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், நான் பின்னால் போய்ப் பார்க்கச் சொல்வேன். சைலன்சரை சேசிஸோடு பிடிக்கிற பின் பிராக்கெட், அதன் போல்ட், ரப்பர், எல்லாம் சரியாக இருக்கிறதா? அந்த இடம் தளர்ந்திருந்தால் அவ்வளவு நீளப் பைப்பின் கனம் முழுக்க அந்த ஒரு நட்டில் தொங்கும், பிறகு இன்ஜின் அதிர அதிர அது கழலாமல் என்ன செய்யும். ஒரு பக்கம் மட்டும் கழல்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அந்தப் பக்கத்தில் பைப் எங்கோ இழுபட்டு நிற்கிறது. நட்டை முழுக்கக் கழற்றுங்கள். பைப் சிலிண்டர் வாய்க்கு நேராகத் தானாக நிற்கிறதா, விலகி ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

புனலூர் ஜாவா:
அண்ணாச்சி சொன்னதோடு இன்னொன்று. நட்டை இறுக்கி முடித்ததும் பைப்பைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பல வண்டியில் நட் மரையின் கடைசிக்குப் போய் முட்டி நின்றுவிடும், இறுகிவிட்டது என்று கை சொல்லும், ஆனால் பைப் வாயில் இருக்கிற காலரை அது அழுத்தியே இருக்காது. காலர் தேய்ந்தாலும் பேக்கிங் மெலிந்து போனாலும் இப்படி ஆகும். அப்படியென்றால் பேக்கிங்கை இரண்டாகப் போடுங்கள். செம்பு வளையமாக இருந்தால் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுங்கள், மெத்தென்று ஆகி நன்றாக அமரும். யெஸ்டி செய்த மைசூர் கம்பெனி 1996-ல் மூடிய பிறகு கடையில் கிடைப்பதெல்லாம் யார் யாரோ செய்கிற சாமான்தான், சில புது நட்டில் மரை ஆழமே இல்லை. எண்ணெய் போட்டு வெறும் கையால் சுற்றிப் பாருங்கள், லொடலொடவென்று ஆடினால் அந்த நட் வேண்டாம். பழைய நட் நன்றாக இருந்தால் இறக்கை உடைந்திருந்தாலும் அதுவே மேல்.

கம்பம் புல்லட்:
என் 350 புல்லட்டிலும் இதே தொல்லை இருந்தது, பைப் வாயில் தகரம் சுற்றி, சூடு தாங்கும் பேஸ்ட் தடவித் தட்டி ஏற்றினேன், நின்றுவிட்டது. அதையும் ஒரு தடவை பாருங்கள்.

தென்காசி பழைய பட்டறை:
அண்ணே, பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில் பைப் ஹெட்டுக்குள் சொருகி நிற்கிறது, அங்கே தகரம் சரி. இது மரை நட், இங்கே தகரம் சுற்றினால் நட் கோணலாக ஏறி மரையைத் தின்றுவிடும். தம்பி, இதைச் செய்யாதீர்கள்.

செங்கோட்டை ரோட்கிங்:
அண்ணாச்சி, நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. நட்டைக் கழற்றியதும் பைப் வாய் ஒரு விரல்கடை கீழே இறங்கி வெளிப்பக்கமாக விலகிவிட்டது. பின் பிராக்கெட்டில் ரப்பரே இல்லை, யாரோ சைக்கிள் டியூபை மடித்து வைத்திருக்கிறார்கள், போல்ட் துளையும் நீளமாகத் தேய்ந்திருக்கிறது. பைப்பை ஆட்டிப் பார்த்தேன், புனலூர்க்காரர் சொன்ன மாதிரி நட் இறுகியிருக்கும்போதே ஆடியது. இனி எந்த வரிசையில் மாட்டுவது?

தென்காசி பழைய பட்டறை:
முதலில் அந்தத் துளைக்குத் தடித்த வாஷர் போட்டு, புது ரப்பர் வையுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் கைப்பிடி இறுக்கத்தில் மட்டும் மாட்டுங்கள், ஒன்றையும் முறுக்க வேண்டாம். மரையில் கிராஃபைட் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள், அடுத்த முறை கழற்றும்போது என்னை நினைப்பீர்கள். முதல் முறுக்கு சிலிண்டர் நட்டுக்கு. பைப் தானாக உட்காரட்டும், அதற்குப் பிறகுதான் பின் பிராக்கெட். முக்கால்வாசிப் பட்டறையில் பின்னால் முதலில் இறுக்கிவிட்டு முன்னால் இழுத்து மாட்டுகிறார்கள், பாதி வண்டியில் நோயே அதுதான். பிராக்கெட் துளைக்கு நேராக வரவில்லை என்றால் பைப்பை வளைக்காதீர்கள், இடையில் வாஷர் கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

பிறகு 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சூடு இருக்கும்போதே தடித்த கையுறை போட்டு நட்டை இன்னொரு முறுக்கு. பேக்கிங் அமுங்கியிருக்கும், கட்டாயம் கொஞ்சம் ஏறும். 100 கிலோமீட்டரில் இன்னொரு தடவை.

செங்கோட்டை ரோட்கிங்:
ஞாயிற்றுக்கிழமை தென்மலை வரை போய் வந்தேன். பதிமூன்று கண் பாலத்துப் பக்கத்தில் நிறுத்திச் சூட்டோடு இறுக்கினேன், கால் சுற்று ஏறியது. திரும்பி வருகிறவரை சத்தம் மாறவில்லை, சிலிண்டர் காய்ந்து கிடக்கிறது. அப்பா ஓட்டும்போது கேட்ட அதே சத்தம், வீட்டில் அம்மா வாசலுக்கே வந்துவிட்டார்கள். உடைந்த இறக்கை நட்டுக்குப் பதில் பழைய ஒரிஜினல் நட் எங்காவது கிடைக்குமா?

புனலூர் ஜாவா:
என்னிடம் இரண்டு இருக்கிறது, மரை நன்றாக இருக்கிறது. அடுத்த முறை இந்தப் பக்கம் வரும்போது உங்கள் நட்டையும் கொண்டு வாருங்கள், சுற்றிப் பார்த்து எது சேர்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போது ஒரு துண்டு ஸ்டீல் கம்பியும் வேண்டும், நட்டின் இறக்கையில் துளை போட்டு, அது சுற்றாதபடி சிலிண்டரின் குளிர்விக்கும் தகட்டோடு கட்டிவிடலாம், நான் என் வண்டிக்கு அப்படித்தான் வைத்திருக்கிறேன்.