பாலிமார்ஃபிசத்துக்கு "பாடபேதம்"னு வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம். நோயாளிகளுக்கான முதுகுவலிக் கையேட்டுல பாலிமார்ஃபிசத்துக்கு, அதாவது ஒரே மரபணு ஆளுக்கு ஆள் கொஞ்சம் வேற மாதிரி எழுதியிருக்கிறதுக்கு, தமிழ்ல என்ன சொல் வைக்கலாம்னு பேசற இந்த இழைய மூணு நாளா படிச்சிக்கிட்டே இருந்தேன், இன்னிக்குதான் எழுத நேரம் கிடைச்சுது.

அண்ணன் சொன்ன "பல்லுருத்தோற்றம்" அகராதிக்கு சரி, ஆனா அதை நோயாளி கைல குடுத்தா ஒண்ணும் புரியாது. இன்னொருத்தர் சொன்ன "மரபணுப் பிறழ்வு" எனக்கு ஒத்துவரவே இல்ல. ஏன்னு சொல்றேன்.

இங்க டெல்லி மயூர் விஹார்ல எங்க பக்கத்து பிளாட்டு மாமிக்கு ரொம்ப நாளா இடுப்பு வலி, எம்.ஆர்.ஐ எடுத்தா டிஸ்க் தேஞ்சிருக்குன்னு வந்துச்சு, வைட்டமின் டியும் கம்மி. அவங்க பையன் ஏதோ டி.என்.ஏ டெஸ்ட் வேற பண்ண வச்சான். ஜனவரி மூடுபனி, மாமி பால்கனிய அடைச்ச கண்ணாடிக்குப் பின்னாடி சால்வைய போத்திக்கிட்டு உக்காந்து ரிப்போர்ட்ட என்கிட்ட நீட்டினாங்க. நான் "வைட்டமின் டி ஏற்பி மரபணுல ஒரு பிறழ்வு இருக்கு மாமி"ன்னு சொல்லிட்டேன். (ஏற்பின்னா ரிசெப்டர், செல்லுக்குள்ள வைட்டமின் டிய வாங்கிக்கிற புரதம்.) மாமி மொகமே மாறிடுச்சு. "பிறழ்வுன்னா? புத்தி பிறழ்றதுன்னு சொல்வாளே அது மாதிரியா? என் பேத்திக்கும் வருமாடா?" அன்னிலேர்ந்து அந்த சொல்ல நான் தொடறதில்ல.

ஏன்னா பாலிமார்ஃபிசம் பிழையே இல்ல. மக்கள்ல நூத்துக்கு ஒண்ணுங்கிற அளவுக்கு மேல காணப்படுற வேறுபாட்டைத்தான் வழக்கமா அப்படி சொல்றோம். ரெண்டு வடிவமும் ஜனங்களுக்குள்ள காலங்காலமா இருக்கு, எது சரி எது தப்புங்கிற பேச்சே கிடையாது.

இதுக்கு நம்மகிட்ட ஏற்கெனவே சொல் இருக்கு. ஓலைச்சுவடி பதிப்பிச்சவங்க சொன்ன பாடபேதம். உ.வே.சா. ஊர் ஊரா போய் சுவடி சேத்து, ஒப்பிட்டு, ஒரு ஏட்டுல ஒரு மாதிரி இன்னொரு ஏட்டுல வேற மாதிரி இருந்தா ரெண்டையும் காட்டினாரே, அதே விஷயம்தான் இது. நம்ம ஒவ்வொருத்தர்கிட்டயும் அம்மா வழி ஏடு ஒண்ணு, அப்பா வழி ஏடு ஒண்ணு இருக்கு, ரெண்டுலயும் ஒரே பாடம் இருக்கலாம், வேற வேற பாடமும் இருக்கலாம். அப்ப அலீலுக்கு, அதாவது ஒரு மரபணுவோட மாற்று வடிவத்துக்கு, "பாடம்"னே வச்சிக்கலாம், ஒரே ஒரு எழுத்து மாறினா "ஓரெழுத்துப் பாடபேதம்".

வெறும் உவமையா இல்லாம உள்ள இருக்கிற சங்கதிக்கும் இது எப்படி பொருந்துதுன்னு பாருங்க. மரபணுவ எழுதற எழுத்து ஏ, டி, ஜி, சின்னு நாலுதான், மூணு மூணு எழுத்தா சேந்து புரதத்தோட ஒவ்வொரு கண்ணியான அமினோ அமிலத்தைக் குறிக்கும். மாமி ரிப்போர்ட்ல வந்த இந்த ஏற்பி மரபணு 12ஆம் குரோமோசோம்ல இருக்கு. அதுல டாக்-1ங்கிற இடத்துல ஏ.டி.டி.ன்னு இருக்கிறது சிலருக்கு ஏ.டி.சி.ன்னு இருக்கும், ரெண்டுமே ஐசோலூசின்ங்கிற அதே அமினோ அமிலத்தைத்தான் குறிக்கும், எழுத்து வேற பொருள் ஒண்ணு. ஃபாக்-1 அப்படி இல்ல. அது புரதத்தப் படிக்க ஆரம்பிக்கிற தொடக்கக் குறியிலயே இருக்கு, அங்க டி போய் சி வந்துட்டா படிக்க ஆரம்பிக்கிற இடமே தள்ளிப்போயிடும், 427 அமினோ அமிலம் இருக்க வேண்டிய புரதம் 424 ஆயிடும், ஆனா அந்தக் குட்டைப் புரதம்தான் இன்னும் சுறுசுறுப்பா வேலை செய்யுது! இதைப் போய் பிறழ்வுன்னு எப்படி சொல்ல முடியும்?

1998ல ஃபின்லாந்து ஆண் இரட்டையர்கள எம்.ஆர்.ஐ.ல பாத்து, இந்த ரெண்டு இடத்துக்கும் டிஸ்க் தேய்மானத்துக்கும் தொடர்பு இருக்குன்னு எழுதினாங்க. பின்னாடி வேற வேற மக்கள்கிட்ட பாத்ததுல முடிவு ஒரே மாதிரி வரல. அதனால சொல்லுக்குள்ளயே "கெடுதல்"ங்கிற தீர்ப்ப ஒளிச்சு வைக்கக் கூடாதுங்கிறேன்.

அக்கா "பாடம்னா பள்ளிக்கூடப் பாடம்னு நினைச்சுக்குவாங்க"ன்னு கேக்கலாம். மருந்துக் கடைல "மாத்திரை"ன்னா யாரும் யாப்பிலக்கணத்த நினைக்கிறதில்ல, இடம் தெளிவாக்கிடும். பேதம் வடமொழின்னு படுறவங்க "பாடவேறுபாடு"ன்னு எழுதுங்க, எனக்கு மறுப்பில்ல, ஆனா தலைப்புல நீளும், "பாடவேறுபாட்டாய்வு"ன்னு புணர்ந்தா வாயில நுழையாது.

கையேட்டுல இன்னொரு சொல், டிஸ்க். அதுக்கு "ஜவ்வு" வேணாம். ஜனங்க அப்படித்தான் சொல்றாங்க, ஆனா முழங்கால்ல இருக்கிறதும் ஜவ்வு, தசைநாரும் ஜவ்வு. இது முதுகெலும்புகளுக்கு நடுவுல, சுத்தி நார் வளையமும் நடுவுல கூழுமா இருக்கிற தட்டு, மொத்தம் 23. பெரியவங்களுக்கு அதுக்குள்ள ரத்தக்குழாய் அநேகமா கிடையாது, மேலயும் கீழயும் இருக்கிற எலும்புப் பக்கத்திலேர்ந்து ஊறி வர்ற சத்துலதான் பிழைக்குது. "முதுகுத்தட்டு"ன்னு போட்டேன், மாமிக்கு உடனே புரிஞ்சுது. (கண்ணாடி வழியா வர்ற வெயில்ல வைட்டமின் டி உண்டாகாது, தேவையான புற ஊதாக்கதிர கண்ணாடி தடுத்துடும்னு அப்பவே சொல்லி மொட்டை மாடிக்கு அனுப்பினேன்.)

கடைசியா ஒண்ணு. ரிசெப்டருக்கு நான் "ஏற்பி"ன்னு எழுதறேன், சிலர் "வாங்கி"ங்கிறாங்க. அலீலுக்கு "எதிருரு"ன்னு ஈழத்து வழக்குல இருக்கு, அங்க படிச்சவங்க அது "பாடம்"கூட எப்படி ஒத்துப்போகும்னு சொல்லணும். கையேடு வர்ற வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது, வியாழன் ராத்திரிக்குள்ள எழுதினீங்கன்னா திருத்திடுவேன்.