கண்ணுக்குத் தெரியும் கோப்பு தேடலுக்குத் தெரியவில்லை: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

பக்க வடிவமைப்பாளர், சிவகாசி

நண்பர்களுக்கு வணக்கம். 17 ஆண்டுகளாகப் புத்தகப் பக்கங்கள் வடிவமைக்கிறேன். என் மேசையில் மவுஸ் ஓரமாகத்தான் கிடக்கும். விசைக்கூட்டு ஒன்றை அழுத்தினால் சிறு பெட்டி திறக்கும். கோப்பின் பெயரில் நான்கு எழுத்துத் தட்டி என்டரை அழுத்தினால் கோப்பு முன்னால் வந்து நிற்கும். இந்தப் பழக்கம் கை வந்தபின் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இறங்கித் தேட மனம் ஒப்புவதில்லை.

விண்டோசில் கோப்பு தேடும் எவ்ரிதிங் என்ற கருவியைப் பலரும் அறிந்திருப்பீர்கள். அது விண்டோசின் வழக்கமான என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த வட்டில் ஏற்கெனவே இருக்கும் தலைமைக் கோப்பு அட்டவணையைப் படித்துப் பெயர்களைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. பிறகு நடக்கும் மாற்றங்களை வட்டின் மாற்றப் பதிவேட்டிலிருந்து தெரிந்துகொள்கிறது. ஒவ்வொரு ஃபோல்டராக ஏறி இறங்குவதில்லை. தட்டத் தட்ட விடை வருவது அதனால்தான். நான் பயன்படுத்துவது அந்த வழியில் வந்த வேறொரு சிறிய கருவி. அதை எழுதியவர், என்னென்ன மாற்றங்கள் வேண்டும் என்று பயனர்களிடம் கேட்டிருக்கிறார். பதில் எழுதுவதற்கு முன் உங்கள் அனுபவங்களையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். முதலில் என்னுடையது.

ஒரு கட்டுரைத் தொகுப்பு அச்சுக்குப் போகவேண்டிய நாள். ‘தொகுப்பு’ என்று தட்டினேன். 11 கோப்புகள் வந்தன. அவற்றுள் கடைசித் தேதியிட்டதை எடுத்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். பிளேட் போடுவதற்குச் சற்று முன் நூலாசிரியர் தொலைபேசியில் அழைத்தார். “நேற்று இரவு நான் அனுப்பிய திருத்தம் சேர்ந்துவிட்டதல்லவா?” என்று கேட்டார். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் அவருடைய கோப்பு அங்கேதான் இருக்கிறது. பெயரின் தொடக்கமும் அதே ‘தொகுப்பு’தான். தேடலில் மட்டும் அது இல்லை.

அச்சகத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, அன்று மாலை இரண்டு பெயர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எஃப்2 விசையை அழுத்தி, முதல் எழுத்தான ‘தொ’வுக்கு வலப்புறம் கர்சரை வைத்துப் பின்னழிப்பு விசையை ஒருமுறை தட்டினேன். என் கோப்பில் ‘தொ’ உடனே ‘த’ ஆனது. அவர் கோப்பில் ‘தொ’வின் துணைக்கால் மட்டும் உதிர்ந்து ‘தெ’ என்று நின்றது. இன்னொருமுறை தட்டிய பிறகுதான் ஒற்றைக்கொம்பும் போய் ‘த’ வந்தது.

காரணம் இதுதான். யூனிகோடில் ஒகரக் குறிக்குத் தனிக் குறியெண் ஒன்று உண்டு. ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் அடுத்தடுத்து இட்டாலும் திரையில் அதே வடிவம்தான் வரும். இரண்டும் சமம் என்று யூனிகோடு தரமே சொல்கிறது. ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே நிலைதான். ஆனால் கருவி குறியெண்களை அப்படியே ஒப்பிட்டால் ஒன்று மற்றொன்றாகத் தெரியாது. நூலாசிரியரின் தட்டச்சு மென்பொருள் பிரித்து எழுதியிருக்கிறது, என்னுடையது சேர்த்து எழுதுகிறது. இருவர் மீதும் தவறில்லை.

ஆகவே என் முதல் கோரிக்கை: பட்டியலில் சேரும் பெயரையும் நாம் தட்டும் சொல்லையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். வட்டில் உள்ள பெயரைத் தொட வேண்டாம். தொட்டால் அந்தப் பெயரை நம்பியிருக்கும் பக்கக் கோப்புகளில் படங்களின் இணைப்பு அறுந்துபோகும். ஒப்பிடும் இடத்தில் மட்டும் இயல்பாக்கினால் போதும். தமிழில் கோப்புக்குப் பெயர் வைக்கும் ஒவ்வொருவருக்கும் இது தேவை. இதைவிட முக்கியமான வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து, கோவை

வணக்கம் அண்ணா. நாங்கள் பெயர்களை ஆங்கிலத்தில்தான் வைக்கிறோம். அதனால் உங்களுக்கு வந்த சிக்கல் எங்களுக்கு வந்ததில்லை. எங்களுக்கு வந்தது வேறு.

மாதம் 20 ஆம் தேதி நெருங்கினால் எங்கள் அலுவலகம் எப்படி இருக்கும் என்பது ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்குத் தெரியும். வாடிக்கையாளர் ஒருவரின் ஜிஎஸ்டிஆர்-3பி தாளை மின்னஞ்சலில் இணைக்க வேண்டியிருந்தது. பெயரைத் தட்டினேன், கீழ் அம்பை இருமுறை அழுத்தினேன், வேண்டிய வரியின் மேல் நீலப்பட்டை நின்றதைக் கண்ணால் பார்த்தேன், என்டர் அழுத்தினேன். அந்த இமைப்பொழுதில் நெட்வொர்க் வட்டிலிருந்து தாமதமாக வந்த புதிய விடை ஒன்று பட்டியலின் உச்சியில் நுழைந்து எல்லா வரிகளையும் ஒரு படி கீழே தள்ளிவிட்டது. நீலப்பட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் கீழிருந்த கோப்புதான் மாறிவிட்டது. ஒரு வாடிக்கையாளரின் விற்பனைக் கணக்கு இன்னொருவருக்குப் போனது. இருவரும் ஒரே தெருவில் கடை வைத்திருப்பவர்கள். எங்கள் சீனியர் இருவரையும் நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். நான் மறுநாள்வரை சாப்பிடவில்லை.

அம்பு விசையைத் தொட்ட கணத்திலேயே பட்டியல் உறைந்து நிற்க வேண்டும். புதிதாக வருபவை கீழே சேரட்டும். நீலப்பட்டை கோப்போடு ஒட்டியிருக்க வேண்டும், வரி எண்ணோடு அல்ல. இதை அவர் செய்து தந்தால் போதும், வேறெதுவும் கேட்கமாட்டேன் என்று அன்று நினைத்தேன்.

இன்று இன்னும் ஒன்றையும் கேட்கிறேன். எங்களிடம் ஒவ்வொரு வாடிக்கையாளர் ஃபோல்டரிலும் ஒரே பெயரில் கோப்புகள் உண்டு. கோப்பின் பெயரை மட்டும் தட்டினால் நூறு வரும். எவ்ரிதிங்கில் தேடும் சொல்லோடு பின்சாய்கோட்டைச் சேர்த்தால் முழுப் பாதையிலும் தேடும். நம் கருவியில் அதுவும் இல்லை. கடைப் பெயரில் பாதி, கோப்புப் பெயரில் பாதி, எந்த வரிசையில் தட்டினாலும் பிடித்துத் தர வேண்டும்.

கல்லூரி ஆசிரியர், திருச்சி

எனக்குப் பார்வை இல்லை. மவுஸை ஒதுக்குவது உங்களில் பலருக்கு வசதி. எனக்கு விசைப்பலகை ஒன்றே வழி. அதனால் இந்தக் கருவி வந்தபோது என் அளவுக்கு மகிழ்ந்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை வைத்துத்தான் வரலாற்றுப் பாடக் குறிப்புகள், தேர்வுத்தாள்கள், மாணவர்களின் ஆய்வேடுகள் எல்லாவற்றையும் கையாளுகிறேன்.

பெட்டியைத் திறந்து ‘சோழர்’ என்று தட்டுகிறேன். அமைதி. விடை வந்ததா, வரவில்லையா, எத்தனை வந்தன என்பது எனக்குத் தெரியாது. கீழ் அம்பை அழுத்தினால் வாசிப்பான் தொடங்குகிறது: “சி, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, யூசர்ஸ், பின்சாய்கோடு...” இப்படி ஆறேழு ஃபோல்டர்களைக் கடந்து கடைசியில்தான் கோப்பின் பெயர் வரும். அடுத்த வரிக்குப் போனால் மீண்டும் முதலிலிருந்து அதே பாதை. நீங்கள் ஒரு பார்வையில் பத்து வரிகளைக் கடக்கிறீர்கள். நான் பத்து முறை ‘சி, முக்காற்புள்ளி’ கேட்கிறேன்.

கேட்பது பெரிய வேலை அன்று. தட்டுவதை நிறுத்திய சற்று நேரத்தில் “ஆறு விடைகள்” என்று ஒருமுறை சொல்ல வேண்டும். விடை இல்லாவிட்டால் இல்லை என்றே சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரியிலும் கோப்பின் பெயர் முதலில், அது இருக்கும் ஃபோல்டர் அடுத்து, முழுப் பாதை நான் கேட்கும்போது மட்டும். எஸ்கேப் விசையை ஒருமுறை அழுத்தினால் தட்டிய சொல் அழிய வேண்டும், மறுமுறை அழுத்தினால் பெட்டி மூடி, நான் முன்பு எந்தப் பத்தியில் இருந்தேனோ அங்கேயே கர்சர் திரும்ப வேண்டும். இப்போது பெட்டி மூடியதும் நான் எங்கே நிற்கிறேன் என்று தேட வேண்டியிருக்கிறது.

கோவைத் தம்பி சொன்ன உறைந்து நிற்கும் பட்டியலுக்கு என் ஆதரவு முழுமையாக உண்டு. வரி நகர்ந்ததை நீங்கள் பிந்தியாவது பார்க்கிறீர்கள். எனக்கு அது தெரியவே வழியில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற தட்டச்சாளர்

என்னிடம் இரண்டு பெட்டி நிறையக் குறுந்தகடுகள் இருந்தன. எல்லாம் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டிய பாமினி எழுத்துருக் காலத்தவை. வட்டுக்கு மாற்றிவிட்டேன், தேடத்தான் வழியில்லை. கோப்பின் உள்ளே எழுத்துருவை மாற்றினால் தமிழ் தெரியும். கோப்பின் பெயருக்கு எழுத்துரு கிடையாது. பாமினியில் ‘தமிழ்’ என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகள். வட்டில் இருப்பதும் அந்த ஐந்து குறிகள்தான். கை இன்னும் மறக்கவில்லை, ஆகவே ஆங்கில விசைப்பலகைக்கு மாறி பாமினிபோல் அடித்துத் தேடிக்கொள்கிறேன். என் பிள்ளைகளால் அது முடியாது. நான் இல்லாத காலத்தில் அந்தக் கோப்புகளை யார் கண்டெடுப்பார்கள் என்ற கவலை எனக்கு உண்டு.

பயனரே ஒரு மாற்று அட்டவணையைக் கொடுக்க இடம் வைத்தால், தமிழில் தட்டிய சொல்லைக் கருவி பாமினிக் குறிகளாகவும் மாற்றித் தேடலாம். ஒரு கவனம்: பாமினியில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு தமிழ் எழுத்துகள். வழக்கம்போல் இரண்டையும் ஒன்றாகக் கொண்டு தேடினால் குப்பை வரும். அட்டவணை தாருங்கள் என்றால் நான் எழுதித் தருகிறேன்.

லினக்ஸ் பயனர், சென்னை

இரண்டே குறிப்புகள். லினக்ஸில் கோப்பு தேடும் பழைய லொகேட் கட்டளையின் பட்டியல் பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். காலையில் எழுதியதை மாலையில் தேடி ஏமாந்திருக்கிறேன். எந்தக் கருவியானாலும் பட்டியல் எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதைப் பெட்டியின் ஓரத்தில் காட்டட்டும். அடுத்தது, தமிழ்99 விசைப்பலகையில் இருக்கும்போது குறுக்கு விசைகள் வேலை செய்வதில்லை. கன்ட்ரோலோடு சேர்த்து அழுத்தும் விசை ஆங்கில எழுத்துக்குப் பதில் தமிழ் எழுத்தைத் தருவதால் கருவி திகைத்து நிற்கிறது. எழுத்தைப் பாராமல் விசையின் இடத்தைப் பார்த்தால் தீரும்.

பக்க வடிவமைப்பாளர், சிவகாசி

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து அனைத்தையும் எழுதிவிட்டேன். திருச்சி ஐயா சொன்ன விடை எண்ணிக்கையையும் வாசிப்பு வரிசையையும் முதலில் வைத்தேன், என் கோரிக்கையைக் கீழே இறக்கிவிட்டேன். நான் ஒருநாள் பட்டதை அவர் ஒவ்வொரு தேடலிலும் படுகிறார். யாழ்ப்பாணத்து ஐயா, உங்கள் அட்டவணையை எனக்கு அனுப்புங்கள், கடிதத்தோடு சேர்த்துவிடுகிறேன்.

ஒன்றில் மட்டும் முடிவெடுக்க முடியவில்லை. ‘ஔவை’ என்பதை ஒகரமும் ளகரமும் சேர்த்து ‘ஒளவை’ என்று அடிப்பவர்கள் ஏராளம். திரையில் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிந்தாலும் தரத்தின்படி இவை வெவ்வேறு சொற்கள். ‘ஸ்ரீ’ என்ற எழுத்திலும் இதே தொல்லை. 2005 இல் யூனிகோடில் ‘ஶ’ சேர்ந்த பிறகு ‘ஶ்ரீ’ என்றும் எழுதுகிறார்கள், பழைய கோப்புகளில் ‘ஸ்’ இருக்கிறது. இவற்றையும் தேடலில் ஒன்றாகக் கொள்ளலாமா, வேண்டாமா என்று பிழைதிருத்தம் செய்யும் நண்பர்கள் யாராவது சொல்லுங்கள். வேண்டுவோர் மட்டும் இயக்கிக்கொள்ளும் விருப்பமாக வைக்கலாம் என்பது என் எண்ணம்.

கடிதத்தோடு ஒரு ஃபோல்டரையும் சுருக்கி இணைத்திருக்கிறேன். அதில் இரண்டு வெற்றுக் கோப்புகள். இரண்டின் பெயரும் ‘தொகுப்பு’. ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க விண்டோஸ் விடாது. இவற்றை விட்டது, அதற்கு இவை வேறு பெயர்கள் என்பதால். கருவியை எழுதியவர் அதைத் திறந்து, தன் பெட்டியில் ‘தொகுப்பு’ என்று தட்டி, எத்தனை வருகின்றன என்று பார்க்கட்டும்.