புதுப்பிப்பு: கிட்டார் ரெக்கார்டிங்கில் வந்த இரைச்சலுக்குக் காரணம் ஃபேன் ரெகுலேட்டர்

என் எலக்ட்ரிக் கிட்டாரை வீட்டில் ரெக்கார்ட் பண்ணும்போது "ஜ்ர்ர்" என்று ஓர் இரைச்சல் வருகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கேபிளை மாற்றினேன், பலனில்லை. லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் மெல்லிய கீச்சுச் சத்தம் மட்டும் போனது. தீர்த்து வைத்தது, ஃபேன் ரெகுலேட்டரைப் பார்க்கச் சொன்னவரின் யோசனைதான்: பாதி வேகத்தில் வைத்தால் காதைப் பிய்க்கிறது, ஃபேனை அணைத்தால் சட்டென்று அமைதி. வழுக்கிக்கொண்டு திரும்பும் அந்த வகை ரெகுலேட்டர் மின்சாரத்தை நொடிக்கு 100 முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது, கிட்டாரில் உள்ள சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும், ஒரே கம்பிச்சுருள் கொண்ட பாகம்) அதை அப்படியே பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பதிலாக, 1, 2, 3 என்று படிப்படியாகத் திரும்பும் கெபாசிட்டர் வகை ஸ்டெப் ரெகுலேட்டர் போட்டேன், சரியாகிவிட்டது.

அப்புறம் எதிர்பாராத ஒன்று: நாற்காலியை ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பி உட்கார்ந்தால் வீட்டு மின்சாரத்தால் வரும், மிச்சமிருந்த 50 ஹெர்ட்ஸ் முனகலும் நன்றாகக் குறைகிறது.