கப்பலில் ‘ரிப்ஸ்’: கட்டுவதா, வெட்டச் சொல்வதா?

கொக்குவில் வாத்தியார்:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் கதைத்துக் கதைத்துத் தீராத ஒரு விஷயத்தை இங்கே கொண்டு வருகிறேன். கனடாவில் இருக்கும் மகன் ஓகஸ்ட்டில் சிங்கப்பூருக்கு வருகிறான். அங்கிருந்து எல்லோருமாக 4 இரவு உல்லாசக் கப்பலில் போகிறோம். நானும் மனைவியும், மகன், மருமகள், 7 வயதுப் பேத்தி, ஆக 5 பேர். ரிக்கற் காசை அவனே கட்டிவிட்டான். போன கிழமை கப்பல் கொம்பனியின் மின்னஞ்சலில் புதிதாக ஒரு வரி இருந்தது: ‘கிராற்றுவிட்டி’, அதாவது கப்பல் வேலையாட்களுக்கான ரிப்ஸ் காசு, ஆளுக்கு நாளுக்கு 18 அமெரிக்க டொலர். பேத்திக்கும் அதே 18. 5 பேருக்கு 4 நாளைக்கு 360 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் ஒரு லட்சத்து எட்டாயிரம்.

மகன், “கட்டிவிட்டுப் பேசாமல் இருப்போம் அப்பா” என்கிறான். கப்பலில் ஏறிய பிறகு வரவேற்பு மேசையில் சொன்னால் அந்தக் காசைப் பில்லிலிருந்து வெட்டிவிடுவார்கள், தன் சிநேகிதி அப்படித்தான் செய்தாள் என்கிறாள் மருமகள். நான் 35 வருடம் கணிதம் படிப்பித்தவன். ஒருவர் செய்த வேலையைப் பார்த்து மனம் நிறைந்து கையில் வைப்பதைத்தான் நாங்கள் சந்தோசம் என்கிறோம். வேலை தொடங்கும் முன்பே விலை குறித்துக் கேட்பதற்கு என்ன பெயர்? வெட்டச் சொல்வது பிழையா?

கணக்குப்புலி:

பிழையே இல்லை மாஸ்ரர். முதல் நாளே போய் வெட்டச் சொல்லுங்கள். அதற்குப் பெயர் சம்பளம். வேலைக்காரருக்குக் கொம்பனி கொடுக்க வேண்டிய சம்பளத்தை உங்கள் தலையில் கட்டிவிட்டு, பெயரை மட்டும் நன்கொடை மாதிரி வைத்திருக்கிறார்கள். பற்றீஸ் கடையில் பற்றீஸ் காசு வேறு, அடுப்புக்காரர் சம்பளம் வேறு என்று கேட்டால் கொடுப்பீர்களா?

ஸ்காபரோ அக்கா:

நான் 5 தரம் கப்பலில் போனவள், அனுபவத்தில் சொல்கிறேன். பெரிய அமெரிக்கக் கொம்பனிகளில் ஆளுக்கு நாளுக்கு 16 முதல் 20 டொலர் வரை இருக்கிறது, பெரிய அறை எடுத்தால் இன்னும் கூட. விளம்பரத்தில் விலை குறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் ரிக்கற் விலையோடு கூட்டித்தான் பார்ப்பேன். கட்ட வசதியில்லை என்றால் பயணமே கட்டாது என்று நினைத்துக்கொள்வேன்.

மாஸ்ரருக்கு ஒரு எச்சரிக்கை. குடிவகைக்கும் சோடாவுக்கும் பில்லிலேயே 18 வீதம் சேர்த்துத்தான் வரும். சில கப்பலில் 20. அதற்குக் கீழே ‘மேலதிகம்’ என்று வெறுமையாக ஒரு கோடு போட்டிருப்பார்கள். என் மனுசன் அந்தக் கோட்டைக் கண்டதும் மரியாதைக்கு 2 டொலர், 3 டொலர் என்று எழுதி எழுதி, மூன்றாம் நாள்தான் ஏற்கெனவே ஒரு தரம் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று கண்டுபிடித்தார். அந்தக் கோட்டை வெறுமையாகவே விடலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கணக்குப்புலி:

பாருங்கள், அக்காவே சொல்லிவிட்டா. விலையைக் குறைவாகக் காட்டப் போடும் வேசம். அதற்கு நாங்கள் ஏன் ஒத்து ஊத வேண்டும்? பிரிட்டனில் பி அண்ட் ஓ குரூஸஸ் என்ற கப்பல் கொம்பனி 2019 மே மாதப் பயணங்களிலிருந்து இந்த நாள் கட்டணத்தை எடுத்துவிட்டது. வேர்ஜின் வோயேஜஸ் கொம்பனியும் தொடங்கிய காலத்தில் விலைக்குள் அடக்கித்தான் வைத்திருந்தது. கப்பல் ஒன்றும் தாண்டு போகவில்லையே.

வடமராட்சியான்:

நான் கப்பலில் கபின் துப்புரவு வேலை செய்தவன். இரண்டு ஒப்பந்தம், ஒவ்வொன்றும் 9 மாதம். இப்போது நெல்லியடியில் கடை வைத்திருக்கிறேன். வேலை எப்படி என்று சொல்லிவிட்டுப் பிறகு விவாதத்துக்கு வருகிறேன்.

எனக்கு 18 அறை. காலையில் ஒரு தரம், பின்னேரம் ஆட்கள் சாப்பிடப் போகும் நேரம் ஒரு தரம். கட்டில் விரிப்பு, குளியலறை, கண்ணாடி, குப்பை. பின்னேரம் துவாயை மடித்து யானை, குரங்கு, அன்னம் என்று ஏதாவது செய்து கட்டிலில் வைக்க வேண்டும். யானைக்கு இரண்டு துவாய். பெரிய துவாயை இரண்டு பக்கமும் சுருட்டி, நடுவில் வளைத்து நிறுத்தினால் நாலு கால். சின்னத் துவாயில் தும்பிக்கை. பழகின கைக்கு ஒரு நிமிடம். எனக்கு முதல் கிழமை ஆறு நிமிடம் எடுத்தது, அதிலும் தும்பிக்கை விழுந்துகொண்டே இருந்தது. 9 மாதத்தில் ஒரு நாள்கூட முழு லீவு இல்லை. 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 24 மணித்தியாலத்தில் 10 மணித்தியாலம் ஓய்வு கட்டாயம் என்கிறது. மிச்சம் 14 இருக்கிறதே, அதைக் கொம்பனி நன்றாக அறியும்.

இப்போது காசு. அடிப்படைச் சம்பளம் கையில் வந்ததில் கால்வாசிக்கும் குறைவு. மிச்சம் எல்லாம் மாஸ்ரர் சொல்லும் இந்த 18 டொலர் மாதிரிக் காசிலிருந்துதான். கப்பலில் பறந்தது பஹாமாஸ் கொடி. ஏறுபவர் அமெரிக்கர், கொம்பனி அலுவலகம் அமெரிக்காவில், ஆனால் அமெரிக்கச் சம்பளச் சட்டம் எங்களைத் தொடாது. ஒருவர் வெட்டச் சொன்னால் கொம்பனிக்கு ஒரு சதம் குறையாது. எங்கள் பொதுப் பெட்டியில்தான் குறையும்.

கொக்குவில் வாத்தியார்:

தம்பி, மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. ஒரு கணக்குக் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். 18 அறை, அறைக்கு 2 பேர் என்றால் 36 பேர். 36 தர 18 என்றால் நாளுக்கு 648 டொலர். மாதத்துக்கு 19,440. அதில் உங்கள் கைக்கு வந்தது எவ்வளவு?

வடமராட்சியான்:

நான் இருந்த காலத்தில் கட்டணம் குறைவு ஐயா, 12 டொலர். ஆனாலும் உங்கள் கேள்வி சரிதான். அது எனக்கு மட்டும் வருவதில்லை. சாப்பாட்டு மேசையில் பரிமாறுபவர், அவருடைய உதவியாள், குசினி, துவாய் கழுவுகிற இடம், பெட்டி தூக்குபவர் என்று கிளை பிரிந்து போகும். நல்ல மாதத்தில் எல்லாம் சேர்த்து 1,400 டொலர் கையில் வந்தது. யாருக்கு எத்தனை பங்கு என்ற முழுக் கணக்கை ஒரு நாளும் காட்டியதில்லை.

கணக்குப்புலி:

இதைத்தான் நான் கேட்டேன். கொடுப்பவனுக்கும் கணக்குத் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது. இங்கே இலங்கையில் பெரிய ஹொட்டேல்களில் 10 வீதம் சேவைக் கட்டணம் போடுகிறார்கள். அதற்கு மேல் 18 வீதம் வற் வரி வேறு. சரி, அந்த 10 வீதம் வேலைக்காரருக்குப் பங்கு பிரித்துக் கொடுக்க என்று எல்லோருக்கும் தெரியும். என் மைத்துனர் அப்படியொரு இடத்தில் வேலை. மாத முடிவில் ஆளுக்கு எத்தனை புள்ளி, புள்ளிக்கு எத்தனை ரூபாய் என்று சுவரில் ஒட்டுவார்கள். கப்பலில் அந்தத் தாள் எங்கே?

வல்வையான்:

இடையில் ஒரு வார்த்தை. எங்கள் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரை பாய் விரித்துப் போனது. அந்த மாலுமிகளுக்கு யார் கிராற்றுவிட்டி கொடுத்தார்கள்?

வடமராட்சியான்:

வல்வையான் அண்ணை, அந்தக் கப்பலில் யாரும் துவாயில் யானை கேட்கவில்லை.

ஸ்காபரோ அக்கா:

கணக்குப்புலி, தாள் ஒட்ட வேண்டும் என்பதில் நானும் உங்களோடுதான். ஆனால் தாள் ஒட்டாததற்குத் தண்டனை யாருக்கு? கொம்பனி முதலாளியின் சட்டைப்பையிலிருந்து நீங்கள் 360 டொலர் எடுக்கவில்லை. இந்தத் தம்பி மாதிரி ஒரு பிள்ளையின் பங்கில் கை வைக்கிறீர்கள். கொள்கைக்காக வெட்டுகிறவர்கள் அநேகமாக வெட்டிய காசில் இன்னொரு பியர் குடிப்பதைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

கணக்குப்புலி:

எல்லோரும் தவறாமல் கட்டினால் கொம்பனி ஏன் மாறப்போகிறது அக்கா? உங்களைப் போன்ற நல்ல மனம்தான் அவர்களுடைய மூலதனம்.

வெட்டிவிட்டு, அந்தக் காசைக் கபின் பொடியனின் கையிலும் மேசைப் பொடியனின் கையிலும் நேரே கொடுக்கச் சொல்கிறேன். மாஸ்ரருக்கும் முகம் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். அதில் என்ன குறை?

வடமராட்சியான்:

கேட்க நல்லாயிருக்கிறது. நான் இருந்த கப்பலில் வெட்டிய அறைகளின் பட்டியல் கடைசி இரவு எங்கள் கைக்கு வரும். அந்த அறைக்காரர் நேரே தந்த காசைப் பொதுப் பெட்டியில் போட வேண்டும் என்பது சட்டம். மறைத்து வைத்துப் பிடிபட்டால் அடுத்த ஒப்பந்தம் இல்லை. ஒரு அம்மா 40 டொலரைச் சின்ன உறையில் போட்டுத் தந்து, “உனக்கு மட்டும்” என்று இரண்டு தரம் சொன்னா. பட்டியலில் அவவுடைய அறை இலக்கம் இருந்தது. கொண்டுபோய்ப் போட்டேன். அவ இன்றைக்கும் எனக்குத் தந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பா.

எல்லாக் கொம்பனியிலும் இப்படியா என்றால், நான் வேலை செய்தது ஒன்றில்தான். ஆனால் முகம் தெரிந்து கொடுக்கும் முறைக்கும் இன்னொரு பக்கம் இருக்கிறது. துவாய் கழுவுபவரின் முகத்தை எந்தப் பயணி காண்கிறார்? கப்பலின் அடித்தட்டில், சூட்டில் நிற்கும் ஆள் அவர். உறையில் கொடுக்கும் காலத்தில் அவருக்கு ஒன்றும் போயிராது.

மயிலாப்பூர்வாசி:

சென்னையிலிருந்து எழுதுகிறேன், யாழ்ப்பாணத்து நண்பர்கள் மன்னிக்கவும். 2023 ஜூனில் கோர்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தபோது நானும் அதில் வந்தேன். இறங்கி ஒரு வேன் பிடித்து கீரிமலை, நல்லூர் எல்லாம் பார்த்தோம். திரும்பும்போது ஓட்டுநருக்கு 500 இந்திய ரூபாய் டிப்ஸ் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “பேசின வாடகையில் எல்லாம் அடங்கும், நீங்கள் திரும்பி வாங்கோ, அது போதும்” என்றார். இன்றைக்கும் அதை நினைத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரில் வேண்டாம் என்று சொல்பவரை நான் பார்த்ததில்லை.

வல்வையான்:

எந்த வேன்காரர்? இலக்கம் இருந்தால் தாருங்கள், எங்களிடம் வாடகை கேட்கும்போது அவர் இப்படிக் கதைப்பதில்லை.

கணக்குப்புலி:

மயிலாப்பூர் ஐயா சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்குக் கூலி கேட்பதில் வெட்கம் இல்லை, கைநீட்டுவதில்தான் வெட்கம். தவில்காரருக்குச் சட்டையில் காசு குத்துவோம், அது அவருடைய வித்தைக்கு. பேசின கூலி வேறு இருக்கும். கூலியையே கொடுக்காமல் ‘சட்டையில் குத்துகிறவர்கள் குத்துங்கள்’ என்று மேளக்காரரைக் கூப்பிட்டால் எந்தக் கோயிலுக்கு வருவார்?

வடமராட்சியான்:

இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் கோயில் பிழையாக நடத்துகிறது என்பதற்காக, வந்து நிற்கும் மேளக்காரருக்குக் காசு கொடுக்காமல் போக முடியாதே.

இன்னொன்று. வேலைக்குப் போக முன்பு கொழும்பில் ஒரு முகவருக்கு அம்மாவின் காப்பை அடகு வைத்துக் காசு கட்டினேன். நான் முதலில் சொன்ன கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி வேலை எடுத்துத் தரக் கடலோடியிடம் காசு வாங்கவே கூடாது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், பாஸ்போட் மாதிரிச் செலவுகள்தான் எங்களுடையவை. இது எனக்குத் தெரிந்தது இரண்டாம் ஒப்பந்தத்தில். கொள்கைக்காகச் சண்டை பிடிக்க விரும்புகிறவர்கள் அங்கே பிடியுங்கள். நானும் வருகிறேன்.

(இரண்டு மாதத்துக்குப் பிறகு)

கொக்குவில் வாத்தியார்:

போய் வந்துவிட்டோம். என்ன செய்தீர்கள் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள்.

வெட்டவில்லை. முதல் இரவு வரவேற்பு மேசைக்குப் போகும் எண்ணத்தோடுதான் இருந்தேன், மறைக்க மாட்டேன். சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்தால் கட்டிலில் யானை. பேத்தி அதைக் கலைக்க விடவில்லை, குளித்துவிட்டு மருமகளின் சால்வையால் துடைத்தாள். நான் தும்பிக்கையைத்தான் பார்த்தேன். விழவில்லை. சரி, பழகின கை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் வரவேற்பு மேசைக்குப் போகவில்லை.

எங்கள் அறையைப் பார்த்தவர் இந்தோனேசியர், வீட்டில் இரண்டு பிள்ளைகளாம். கடைசி நாள் கட்டணத்துக்கு மேலே அவருடைய கையில் 20 டொலர் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார்.

கணக்குப்புலிக்கு: இறங்கும்போது தந்த கருத்துப் படிவத்தில், பங்குக் கணக்கை வெளியில் போட வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பதில் இன்னும் வரவில்லை.

கணக்குப்புலி:

வராது மாஸ்ரர். நான் மாறவில்லை, ஆனால் எழுதிக் கொடுத்தீர்களே, சந்தோசம். (இந்தச் சந்தோசத்துக்குக் காசு இல்லை.)

வடமராட்சியான்:

ஐயா, அந்த 20 டொலரை அவர் தானே வைத்துக்கொள்ளலாமா, பெட்டியில் போட வேண்டுமா என்று கேட்டீர்களா? நீங்கள் வெட்டாதபடியால் அவருக்கே என்றுதான் நினைக்கிறேன்.

கொக்குவில் வாத்தியார்:

கேட்கவில்லை தம்பி. கேட்டிருக்க வேண்டும். அந்த நேரம் மனைவி பெட்டிச் சாவியைக் காணவில்லை என்று கூப்பிட்டா.