புதுப்பிப்பு: பைதான் நிரல்மொழியில் மாத அளவீடுகளின் மீச்சிறு மதிப்பு (தீர்ந்தது)

உதவிய அனைவருக்கும் நன்றி. திருவையாற்றுக்கு அருகே எங்கள் வாய்க்கால் மதகில் தினமும் குறித்த நீர்மட்டங்களை சிஎஸ்வி கோப்பிலிருந்து (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) படித்து, மீச்சிறு மதிப்பைத் தரும் ‘மின்’ (min) சார்பிடம் கொடுத்தால், பட்டியலில் 9.8 இருக்கும்போதே 10.4-ஐ மிகக் குறைவானதாகக் காட்டுகிறது என்று கேட்டிருந்தேன். மதிப்புகள் எண்களாக அல்லாமல் எழுத்துச்சரங்களாக இருப்பதால் முதல் எழுத்துகளான 1-உம் 9-உம்தான் ஒப்பிடப்படுகின்றன, ‘ஃப்ளோட்’ (float, தசம எண்) ஆக மாற்றுங்கள் என்ற இரண்டாவது பதிலே பலித்தது.

எதிர்பாராதது வேறு. அளவெடுக்காத நாள்களுக்கு நான் ‘என்ஏஎன்’ (NaN, ‘எண் அல்ல’ என்னும் குறி) இட்டிருந்தேன். அது மாதத்தின் முதல் நாளில் விழுந்தால் விடையும் அதுவாகவே வந்தது, நடுவில் விழுந்தாலோ சரியான எண் வந்தது. இந்தக் கண்ணாமூச்சியில் ஒரு மாலை முழுவதும் போயிற்று. ஒரு மதிப்பு என்ஏஎன்-தானா என்று சொல்லும் ‘மேத்.இஸ்என்ஏஎன்’ (math.isnan) சார்பைக் கொண்டு அவற்றை முன்கூட்டியே வடிகட்டினேன். மேட்டூர் திறப்புக்கு முந்தைய, வாய்க்கால் வறண்ட மே மாதத்தில் பட்டியலே காலியாகி ‘வேல்யூஎரர்’ (ValueError) என்ற பிழை எழுந்தது; பட்டியல் காலியானால் ‘எதுவுமில்லை’ என்று தரச் சொல்லும் ‘டிஃபால்ட்=நன்’ (default=None) சேர்த்ததும் அதுவும் நின்றது.